இன்னிக்கு எழுதிட்டீங்களா?

தான் ஒரு வரியும் எழுதாமல், அடுத்தவர் எழுதினாரா என்று விசாரிப்பதற்கும் மாதச் சம்பளம் தருவார்கள் என்பது, அந்த நாற்காலியில் போய் உட்காரும்வரை எனக்குத் தெரியாது.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டு அறைகளில் எங்கள் மையம் நடக்கிறது. எழுத ஆசைப்பட்டும் எழுதாமல் இருப்பவர்களை எழுத வைப்பது தொழில். பல்லாவரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் அப்படிப்பட்டவர்கள் எவ்வளவு பேர் என்பது சேர்ந்த முதல் வாரமே புரிந்துவிட்டது. இதைப் படிக்கும் நீங்களும் அதில் ஒருவராக இருக்கலாம். யாரோ இலவசமாகக் கொடுத்த டைரி. ஜனவரி நாலாம் தேதிவரை முத்து முத்தான கையெழுத்து. ஐந்தாம் தேதிப் பக்கத்தில் கேஸ் சிலிண்டர் மாற்றிய குறிப்பு. அதற்குப் பிறகு வெறும் வெள்ளைத்தாள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று கிடக்கிறது என்றால் வாருங்கள், நாமெல்லாம் சொந்தம்.

என் பொறுப்பில் நாற்பது பேர். அவர்கள் தினமும் காலை ஆறு மணிக்குள் ஐந்நூறு சொல் எழுதி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். ஆறரையிலிருந்து நான் ஒவ்வொருவராக அழைத்து, "இன்னிக்கு எழுதிட்டீங்களா?" என்று கேட்பேன். எழுதியிருந்தால் கம்ப்யூட்டர் தாளில் அவர் பெயருக்கு எதிரே பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு. ஒரே ஒரு சிவப்பு விழுந்தாலும் அதுவரை எழுதியதெல்லாம் கழிந்துபோய் மறுபடி முதல் நாள். அறுபது நாள் விடாமல் பச்சை வாங்கியவர் 'தேறியவர்'.

சேர்ந்த அன்றைக்கே, மையத்தை நடத்தும் சார் என் பங்கையும் சொல்லிவிட்டார். மூன்று மாதப் பயிற்சிக்காலத்துக்குள் நாற்பதில் பத்துப் பேரைத் தேற வைத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நான் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு நடந்துபோவதைத் தெருவே பார்த்திருக்கிறது. தண்ணீர் லாரி ஓட்டும் அப்பா, "பொண்ணுக்கு ஏசி ஆபீஸ்ல வேலை" என்று லாரி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஏசி இருந்தது உண்மைதான். சார் அறையில் இருந்தது. ஆக, யாரோ ஒருவர் குரோம்பேட்டையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஒரு நாள் எழுதாமல் தூங்கினால், இங்கே என் வேலை ஆட்டம் காணும்.

மலையடிவாரத்து வேன்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இதை நான் பார்க்கவில்லை. பாதியைச் சார் சொன்னார். மீதியைப் பக்கத்து நாற்காலி பர்வீன் சொன்னாள். அவளும் என்னைப்போலப் போன் செய்கிறவள், எனக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவள். சார் சொன்ன பாதி இது: ஒரு வாடிக்கையாளருக்கு ஐம்பத்தெட்டாம் நாள். அன்றைக்குக் குன்றத்தூர் மலைக்கோயிலில் அவருடைய பெண்ணுக்குக் கல்யாணம். அப்படியும் மனிதர் ஐந்நூறு சொல் எழுதி அனுப்பிவிட்டார். "அதுதாம்மா ஒழுக்கம்" என்று சார் முடித்தார். புதிதாகச் சேரும் எல்லாரிடமும் அதே இடத்தில் முடிப்பாராம்.

பர்வீன் சொன்ன மீதி: ஆறு மணி கெடு, ஐந்தரைக்கு முகூர்த்தம். கல்யாண வேலையில் முந்தின நாள் அலைந்ததில் அவர் எழுந்ததே தாமதம். எல்லாரையும் "நீங்க ஏறுங்க, பின்னாடியே வந்துடறேன்" என்று மேலே அனுப்பிவிட்டு, அடிவாரத்தில் நின்ற வேனுக்குள் உட்கார்ந்து எழுதினார். குன்றத்தூர் மலை ஒன்றும் அவ்வளவு உயரமில்லை. ஐந்நூறு சொல் அதைவிட உயரம். முந்நூற்றுச் சொச்சம் சொல்லில் இருந்தபோது மேலே கெட்டிமேளம் கேட்டது. மீதியை எழுதி, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுத்தான் படியேறினார். பர்வீனும் பச்சை போட்டாள். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தவர் தாய்மாமா. மாலையும் கழுத்துமாகக் கீழே இறங்கிவந்த கூட்டத்தில் மனைவி இவரை நடுப்படியில் பார்த்தாராம். அவர் சொன்னதை ஒரு சொல் மாறாமல் சொல்வதாகப் பர்வீன் சத்தியம் செய்கிறாள்: "பொண்ண எங்கண்ணன் தாரை வாத்துக் குடுத்துட்டாரு. நீங்க அந்த நோட்டைக் கட்டிக்கினு குடும்பம் நடத்துங்க."

நாற்பத்திரண்டாம் நாள்

ஸ்டெல்லா டீச்சர் அஸ்தினாபுரத்தில் இருக்கிறார். ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணக்கில் பயந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்று சேர்ந்தவர். நாற்பத்தொரு நாள் ஒரு நாளும் தவறாத பச்சை. என் தாளிலேயே அழகான வரிசை அதுதான். தேறப்போகும் பத்தில் முதல் பெயராக அவரை மனதில் குறித்து வைத்திருந்தேன்.

நாற்பத்திரண்டாம் நாள் போட்டோ வரவில்லை. விடைத்தாள் திருத்தும் முகாமில் நான்கு நாளாக உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்டது என்றார். ஒரு நாள்தானே, விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. விட்டால் சார் கேட்பார். சாருக்குப் பயந்து, மையத்தில் எழுதிக்கொடுத்த வாசகத்தை அப்படியே ஒப்பித்தேன்: "மேடம், கவலைப்படாதீங்க. நாளைக்கு உங்களுக்கு முதல் நாள்."  மிகவும் பொறுமையாக, தப்பாகக் கூட்டின பிள்ளையிடம் பேசுகிற குரலில் டீச்சர் கேட்டார்: "ஏம்மா, ஒரு நாள் லீவு போட்ட பையனை நான் மறுபடியும் ஒண்ணாங் கிளாஸ்ல உக்கார வெச்சா, அவங்கப்பா என்னைச் சும்மா விடுவாரா?"

காபிக்கறை

சேலையூரில் ஒருவர், சாப்ட்வேர் கம்பெனியில் நல்ல பதவி. தினமும் ஐந்து ஐம்பத்தைந்துக்குப் போட்டோ வந்துவிடும். போனில் "குட் மார்னிங் மேடம், டன்" என்பார். அவ்வளவுதான். பத்தொன்பது நாள் பச்சை. இருபதாம் நாள் ஒரு சந்தேகம் வந்து, போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது மூலையில் வட்டமாக ஒரு காபிக்கறை. முந்தின நாள் பக்கத்திலும் அதே மூலையில் அதே கறை. அதற்கு முந்தின நாளும். மனிதர் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு, மேலே தேதியை மட்டும் தினமும் சின்னச் சீட்டில் எழுதி ஒட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சீட்டை வெட்டி ஒட்டும் நேரத்தில் ஐந்தாறு வரி எழுதியிருக்கலாம்.

பத்தொன்பது நாளும் நான் ஒரு வரிகூடப் படிக்காமல்தான் பச்சை போட்டிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் குற்ற உணர்ச்சியில் கோபப்படக்கூட முடியவில்லை. "சார், ஒரே பக்கம் மாதிரி இருக்கே?" என்று இழுத்தேன். அவர் துளியும் அசரவில்லை. அவருக்குத்தான் என்மேல் வருத்தம். "பச்சை வந்துடுச்சுல்ல மேடம்? அப்புறம் எதுக்குப் படிச்சீங்க?"

பர்வீனின் பதினான்கு பேர்

ஒரு மாதம் முடிந்தபோது என் தாள் அம்மை போட்டதுபோல் சிவப்பாக இருந்தது. பர்வீன் தாள் பச்சைப்பசேல். அவளிடம் பதினான்கு பேர் தேறும் நிலையில் இருந்தார்கள். எப்படி என்று கேட்டேன். ரகசியமெல்லாம் இல்லை. என் மவுசை வாங்கி ஒரு சிவப்புக் கட்டத்தைத் தொட்டாள், பச்சையாக்கிக் காட்டினாள், திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நான் அதை மறுபடி சிவப்பாக்கினேன். நல்லவள் என்பதால் இல்லை, பயந்தவள் என்பதால். சார் என்றைக்காவது பக்கத்தைக் காட்டச் சொன்னால் எதைக் காட்டுவது? "காட்டச் சொன்னாருன்னா?" என்று கேட்டதற்குப் பர்வீன் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அவரு பக்கத்தைப் பாத்து நான் பாத்ததே இல்ல. கலரைத்தான் பாப்பாரு. ஏய் கௌசி, இந்த மையத்துல தினமும் விடாம கற்பனைக்கதை எழுதறது நான் ஒருத்திதான்டி."

எழுத வைக்கிறவர்

எங்கள் சார் நான்கு வருடமாக ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார். தலைப்பு ஒழுக்கத்தைப் பற்றியது. அட்டைப்படம் தயார், சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. பின்னட்டையில் அவர் கன்னத்தில் கைவைத்து யோசிக்கும் படம்கூட இருக்கிறது. உள்ளே இருக்க வேண்டியது மட்டும் பாக்கி.

தினமும் காலையில் எங்கள் இருவரிடமும் இருக்கும் நாற்பது நாற்பது பேருக்கும் போகும் ஊக்க வாசகத்தை அவர்தான் எழுதுகிறார் என்று நினைத்திருந்தேன். அது பர்வீன் வேலை. ஒரு நாள் அவள் லீவு. சாரே எழுத வேண்டி வந்தது. கதவைச் சாத்தினார். ஏசியைக் குறைத்தார். டீ வரவழைத்தார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, "நீ ஏதாவது போட்டு அனுப்பிடும்மா" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "ரெண்டு வரிதானே சார்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அதற்கு அவர், கொஞ்சமும் கோபமில்லாமல், ஒரு பெரிய உண்மையைச் சொல்கிறவர்போல் சொன்னார்: "நான் எழுத வைக்கறவன்ம்மா. எழுதறவன் இல்ல."

பதினொரு முதல் நாள்

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் வெல்டர் சேகர் அண்ணன். என் தாளிலேயே மோசமான வரிசை அவருடையது. பதினொரு தடவை முதல் நாளுக்குத் திருப்பி அனுப்பியிருந்தேன். இரண்டாம் நாளைத் தாண்டியதே இல்லை. வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறும் ஆளிடம் காலை ஆறு மணிக்குள் எழுது என்றால், ஒரு வாரம் அவர் அப்போதுதான் வேலை முடித்து பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டிருப்பார். பன்னிரண்டாவது தடவை வாசகத்தை ஒப்பிக்கப் போனேன். அவர் குறுக்கே புகுந்தார். "மேடம், இரு. ஒண்ணு அனுப்பறேன், பாரு."

வரிசையாகப் போட்டோ வந்தது. பட்டறையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை தருவார்களாம். அந்த அட்டைகளின் பின்பக்கம். தகட்டில் கோடு போடும் பென்சிலால் எழுதியது. ஓர் அட்டையில் மூன்றே வரி. ஞாயிற்றுக்கிழமை எழுதியது என்று பதினான்கு அட்டை. பிறகு ஆறு நாள் ஒன்றும் இல்லை. பிறகு சாப்பாட்டு நேரத்தில் எழுதிய பாதி அட்டை, அதில் குழம்பு சிந்தியிருந்தது. நின்றுகொண்டே தூங்கும் ஹெல்பர், பொய்க்கணக்கு சொல்லும் சூப்பர்வைசர், மழை வந்தால் மட்டும் ஷாக் அடிக்கும் ஒரு மிஷின். மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நான் மூன்றரைவரை படித்துக்கொண்டிருந்தேன். மொத்தம் எழுபத்திரண்டு அட்டை. நாற்பது பேரில் என்னை இவ்வளவு நேரம் படிக்க வைத்தவர், ஒருமுறைகூட மூன்றாம் நாளை எட்டாத இந்த மனிதர்தான். போன் செய்து, "அண்ணா, இதெல்லாம் ஏன் முன்னாடியே அனுப்பல?" என்றேன். "ஆறு மணிக்கு மேல அனுப்புனா செல்லாதுன்னு நீதானே சொன்ன? இன்னா மேடம், நான் எழுதாத நாளையே எண்ணிகினு கீற. எழுதுன நாள யாரு எண்றது?"

வளைந்துகொண்டே இருப்பவர்

அன்றைக்கு ஒரு நோட்டு வாங்கினேன். அதில் பென்சிலால் இரண்டாவது கணக்கு: யார் எப்போது எவ்வளவு எழுதினார், அவ்வளவுதான். கெடு கிடையாது, முதல் நாள் கிடையாது. சாருக்குத் தெரியாமல் நாற்பது பேரிடமும் சொன்னேன்: முடிகிற நேரத்தில் எழுதுங்கள், பத்து வரியானாலும் சரி, விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். எனக்குள் ஏதோ பெரிய புரட்சி செய்துவிட்ட பூரிப்பு.

பூரிப்பைப் பெருங்களத்தூர்க்காரர் ஒருவர் உடைத்தார். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கச் செயலாளர். பழைய முறையில் திட்டிக்கொண்டே வாரத்துக்கு நான்கு நாளாவது எழுதியவர், புதிய முறை வந்ததும் மூன்று வாரம் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. காலையில் கேட்டால் மாலை, மாலையில் கேட்டால் சனிக்கிழமை, சனிக்கிழமை கேட்டால் லிப்ட் ரிப்பேர். கயிற்றை அவிழ்த்தால் மட்டும் போதாது என்று அப்போதுதான் உறைத்தது. இறுக்கிக் கட்டிய மாடும் மேயாது. அவிழ்த்துவிட்ட மாடு வேறு எங்கோ மேயும். அதிலிருந்து கேள்வியை மாற்றினேன். "எழுதிட்டீங்களா?" என்பதை விட்டுவிட்டு, "அடுத்து எப்போ, எங்கே உக்காந்து?" என்று கேட்க ஆரம்பித்தேன். பதில் வரும்வரை போனை வைக்க மாட்டேன். சேகர் அண்ணன் "ஞாயித்துக்கெழம, மொட்டை மாடி" என்பார். டீச்சர் "புதன்கிழமை, ஸ்டாஃப் ரூம்" என்பார். நாள் தவறினால் வேறு நாள் சொல்ல வேண்டும், அவ்வளவே தண்டனை. பலருக்கு இது வேலை செய்தது. செயலாளருக்குச் செய்யவில்லை. அவரிடம் கடைசியாகக் கேட்டபோது கிடைத்த பதில்: "நீங்கதானேம்மா வளைஞ்சு குடுக்கலாம்னீங்க? நான் இன்னும் வளைஞ்சுக்கிட்டேதான் இருக்கேன்."

பத்து வரி

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நான் எழுதாமல் இருப்பது உறுத்தியது. தாம்பரத்தில் மதியம் ரயில் ஏறினால் ஊரப்பாக்கம் மூன்றாவது நிறுத்தம். உட்கார இடம் கிடைத்த நாளில் நோட்டில் பத்து வரி. நிற்கும் நாளில் போனில் இரண்டு வரி. நசுங்கும் நாளில் ஒன்றுமில்லை. நீங்கள் இப்போது படிப்பதும் அப்படித் துண்டு துண்டாக எழுதியதுதான். நடுவில் ஒன்பது நாள் தொடவே இல்லை. யாரும் என்னை முதல் நாளுக்கு அனுப்பாததால் பத்தாம் நாள் விட்ட வரியிலிருந்து எழுதினேன்.

ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்கார அக்கா நோட்டையே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். "பரீட்சையா பாப்பா?" என்றார். "இல்லக்கா, சும்மா எழுதறேன்" என்றேன். வண்டலூர் வரைக்கும் பார்த்துவிட்டு, தாங்க முடியாமல் கேட்டுவிட்டார்: "சும்மா எழுதறதுக்கா ஒரு வரி எழுதி மூணு வரி அடிக்கிற?"

மூன்று பேர்

மூன்று மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது சார் கூப்பிட்டார். ஏசி அறைக்குள் நான் முழுதாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.  பத்துப் பேர் தேற வேண்டிய இடத்தில் என் தாளில் மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர் வேலை கிடைத்ததும் எழுத்தை நிறுத்திவிட்டார். மற்ற இருவரும் அறுபதாம் நாள் சான்றிதழை வாங்கிக்கொண்டு அறுபத்தோராம் நாளிலிருந்து பேனாவைத் தொடவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன். பிறகு பென்சில் நோட்டை நீட்டினேன். அதில் பதினேழு பேர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த நோட்டுக் கணக்கில் ஒருவரும் பத்து நாள் சேர்ந்தாற்போல் எழுதியதில்லை. ஒருவரும் நிறுத்தவும் இல்லை.

சார் நோட்டைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. என் வேலை தப்பியது என்று நினைத்தேன். "பிரமாதம்மா! இதையே புதுத் திட்டமா விட்டுடலாம். வளைவுத் திட்டம்!" என்று எழுந்தே விட்டார். அங்கேயே விதி போட்டார்: வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை, கட்டாய ஓய்வு. யாராவது புதன்கிழமை எழுதினால் மறுபடி முதல் நாள். "சார், அது…" என்று ஆரம்பித்தேன். கேட்கவில்லை. "அப்போ என் வேலை சார்?" என்று கேட்டேன். கேட்கும்போது லாரி ஸ்டாண்டு முழுக்க என் முன்னால் நின்றது. அவர் நோட்டைத் தன் இழுப்பறைக்குள் வைத்தபடி சொன்னார்: "ஐடியால நீ பாஸ், நம்பர்ல ஃபெயில். அதனால உன் பயிற்சிக்காலம் இன்னும் மூணு மாசம். நீயும் மறுபடி முதல் நாள்லேர்ந்து ஆரம்பிம்மா."

கட்டாயப் புதன்

மறுநாள் புதுத் திட்டத்தை வாடிக்கையாளர்களுக்கு அறிவிக்கும் பொறுப்பு எனக்கே வந்தது. ஸ்டெல்லா டீச்சர் புத்தகத்தின் ஐந்தாவது அத்தியாயத்தில் இருந்தார். நான் முழுவதையும் சொல்லி முடித்ததும் கேட்டார்: "புதன்கிழமைதாம்மா எனக்கு ரெண்டு பீரியட் ஃப்ரீ. உங்க சார் எந்த ஸ்கூல்ல படிச்சாரு? சொல்லு, நம்ம பிள்ளைங்க யாரையும் அங்க சேக்க வேணாம்."

ஒரு வரி

பயிற்சிக்காலம் நீண்டதை வீட்டில் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் அப்பா நம்ப மாட்டார். "நீ ஏதோ தப்பு பண்ணியிருக்க, அதான்" என்பார். அதனால் சார் நீட்டிப்பைச் சொன்ன அன்றைக்கே அவரிடம் கேட்டேன்: "நீட்டிப்பை எழுத்துல குடுத்துடுங்க சார். ஒரு வரி போதும்." நாளைக்குத் தருகிறேன் என்றார். மறுநாள் காலை, பழக்கதோஷம், கதவைத் தட்டி, "சார், எழுதிட்டீங்களா?" என்றேன். லெட்டர்பேடு தீர்ந்துவிட்டது என்றார். அதற்கடுத்த நாள் ஆடிட்டர் வருகிறார். அதற்கடுத்த நாள், உண்மையாகவே சொல்கிறேன், மூட் வரவில்லை. "அடுத்து எப்போ சார், எங்கே உக்காந்து?" என்றுகூடக் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஐந்தாவது நாள் கேட்டபோது எரிச்சலோடு சொன்னார்: "ஒரு வரிதானேம்மா? நினைச்சா இப்பவே எழுதிடுவேன். நினைக்கணும்ல?"

அதற்குப் பத்து நாள் கழித்து, வங்கியில் கேட்டார்கள் என்று என் நியமனக் கடிதத்தை நகலெடுத்தேன். சேர்ந்த அன்று முதல் பக்கத்தில் என் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் இரண்டாவது பக்கத்தை நான் திருப்பவே இல்லை. அதில் பத்துப் பேர், அறுபது நாள் என்று எதுவுமே இல்லை. இருந்தது இதுதான்: பயிற்சிக்காலம் மூன்று மாதம், அதை நீட்டிப்பதானால் அந்தக் காலம் முடியும் முன் எழுத்து மூலம் தெரிவிக்கப்படும், தவறினால் பணி நிரந்தரமானதாகக் கொள்ளப்படும். காலண்டரை எடுத்து இரண்டு தடவை விரல்விட்டு எண்ணினேன். சார் எழுதாமல் விட்ட அந்த ஐந்தாவது நாள்தான் கடைசி நாள். மறைத்து வைக்கும் துணிச்சல் எனக்கு இல்லை; கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு நிமிர்ந்தார். "இதை யாரும்மா எழுதினது?"

பிறகு விசாரித்ததில் தெரிந்தது, "ஏதாவது நல்லதா போட்டுடும்மா" என்று சார் சொன்னதன்பேரில் அந்தக் கடிதத்தை எழுதியது பர்வீன், படிக்காமல் கையெழுத்துப் போட்டது மட்டுமே அவர்: எழுதாத முதலாளியிடம் வேலை பார்ப்பதைவிடப் பத்திரமான உத்தியோகம் தாம்பரம் வட்டாரத்தில் வேறு இல்லை.